வடக்கே நிழல் விழுந்த மேகம்

‘மேகம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மனு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது. மேகத்தின் மீது யார் வழக்குப் போட முடியும்?

வான்படக் காப்பகத்தின் ஆறாம் எண் மேசையில் சுகிர்தா உட்கார ஆரம்பித்து இரண்டரை வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன்னால் இருபத்தெட்டரை வருடங்கள் இதே கட்டடத்தின் ஜன்னல் இல்லாத பகுதியில் இதே வேலையைச் செய்தாள். வித்தியாசம் ஒன்றுதான். அப்போது அவள் என்ன வேலை செய்கிறாள் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. இப்போது வாசலில் வரிசை நிற்கிறது.

நாற்பது வருடங்கள் அரசாங்கம் வானத்தில் ரகசியக் கண்களை வைத்திருந்தது. எதிரி நாட்டின் விமானதளங்களையும் துறைமுகங்களையும் எண்ணத்தான் அவை அனுப்பப்பட்டன. ஆனால் கேமராவுக்கு எதிரி யார், சொந்த ஜனம் யார் என்று தெரியாது. போகிற வழியில் எல்லாவற்றையும் எடுத்தது. மொட்டைமாடியில் காய்ந்த புடவைகளை, கல்யாணப் பந்தல்களை, எரிந்துகொண்டிருந்த குடிசைகளை. ஒரு சுருளையும் யாரும் தூக்கி எறியவில்லை. ஆட்சி மாறிய பிறகு திறந்த வானச் சட்டம் வந்தது. ஒரு குடிமகனுக்கு ஆயுளில் ஒரே ஒரு முறை. ஒரு நாள், ஒரு இடம். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். காப்பகத்தின் நுழைவாயிலில் இயக்குநர் சாருலதாவின் சிரித்த படமும், அதன் கீழே ‘வானம் எல்லோருக்கும் சொந்தம்’ என்ற வாசகமும் பெரிதாக மாட்டப்பட்டிருந்தன.

அன்று காலை பதினோரு மணிக்கு மேசைக்கு வந்த இருவரும் பன்னிரண்டு மணி நேரம் பேருந்தில் வந்திருந்தார்கள். முன்னால் நின்ற பெண்ணுக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வெயிலில் வெந்து வெந்து கறுத்த முகம். பாதங்களில் உப்பு அரித்த வெள்ளைக் கீறல்கள். கூட வந்தவர் வழுக்கைத் தலைக் கிழவர்.

“பேரு பிரகாசியம்மாள். ஊரு சங்குமுனை, தூத்துக்குடிக்குத் தெக்க. இது எங்க கொழுந்தன் தொம்மை. அவருக்கு மனு இல்ல. சும்மா தொணைக்கு வந்தாரு.”

“சும்மாவா? பஸ்ஸுல ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. பிடிச்சது யாரு?” என்றார் தொம்மை. பிறகு மேசையின் ஒளிர்கிற கண்ணாடியை எட்டிப் பார்த்து, “அம்புட்டு ஒசரத்துல இருந்து எடுத்தா என் வழுக்க தெரியுமா மேடம்?”

“அப்ப உங்களுக்கு முடி இருந்திருக்கும்ல?” என்றாள் சுகிர்தா.

தொம்மை சிரித்தார். பிரகாசியம்மாள் சிரிக்கவில்லை. மனுவை நீட்டினாள். முப்பத்தொரு வருடங்களுக்கு முன்னால், ஜூன் பத்தொன்பது. சங்குமுனைக்குக் கிழக்கே, கடல்.

“வீட்டுக்காரரு பேரு ரெமிஜியூஸ். அவரோட இன்னும் அஞ்சு பேரு. காலையில வள்ளத்துல போனாவ. ஒம்பது மணி இருக்கும், வானத்துல இருந்து வெள்ளையா ஒரு கொட இறங்குச்சு. கரையில நின்ன எல்லாரும் பார்த்தோம். கொடைக்கு அடியில ஒரு அண்டா மாதிரி தொங்குச்சு. இவிய வள்ளம் அதப் பார்த்துத் திரும்புனதையும் பார்த்தோம். அம்புட்டுதான். மறுநாள் ஆபீசருமாரு வந்து புயல்ல கவுந்துட்டுன்னு சொன்னாவ. புயலா! என் பிள்ளைக்குக் கட்டுன தொட்டிச் சேல அசையல அன்னைக்கு.”

“அந்தக் குடை…” சுகிர்தா நிறுத்தினாள். சொல்லலாம். இப்போது சட்டம் அனுமதிக்கிறது. “அதுல தொங்கினது படக்கூடைம்மா. அந்தக் காலத்துல படத்தை அங்கேயிருந்து அனுப்ப வழியில்ல. சுருளைக் கூடையில போட்டுக் கீழ இறக்குவாங்க. விமானம் ஒண்ணு வந்து ஆகாசத்துலயே கொக்கி போட்டுப் பிடிக்கும். சில சமயம் தவறிக் கடல்ல விழும். அதைக் கவனிக்கறதுக்குன்னே இன்னொரு கண் கூடவே சுத்திட்டு இருந்துச்சு. நீங்க கேட்ட படம் அந்த ரெண்டாவது கண் எடுத்தது. பன்னிரண்டேகால் மணிக்கு.”

“அப்ப இருக்குல்ல? தெரியும்ல?”

சுகிர்தா படத்தாளை மேசையில் விரித்தாள். கை தன்னால் அதைத் திருப்பியது. படம் வாசிப்பவர்கள் எல்லோரும் செய்வது அது. நிழல்கள் எப்போதும் வாசிப்பவரின் பக்கம் விழும்படி தாளை வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் கண் ஏமாந்துபோகும், குன்று பள்ளமாகத் தெரியும். சங்குமுனைக் கலங்கரை விளக்கத்தின் சிறு நிழல் அவளைப் பார்த்து விழுந்தது. கரைக்கு மேலே மிதந்த மூன்று மேகங்களின் நிழல்களும் அப்படியே. கிழக்கே கடலுக்கு வந்தாள். மனுவில் குறித்திருந்த இடத்துக்கு நேர் மேலே நான்காவதாக ஒரு மேகம். அடர்த்தியான வெள்ளை.

“மேகம்மா,” என்றாள். இந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லப் பழகியிருந்தாள். “அந்த இடத்தை மட்டும் மூடியிருக்கு. கீழ என்ன இருந்துச்சுன்னு பார்க்க முடியாது. மன்னிச்சுக்கோங்க.”

தொம்மை தலையில் கைவைத்தார். பிரகாசியம்மாள் எதிர்ப்பக்கத்தில் நின்றபடியே குனிந்து, நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்தாள்.

“ஏன் மேடம், இதுல கறுப்பா இருக்கறது நெழலா?”

“ஆமா.”

“எல்லா நெழலும் ஒங்க பக்கம் விழுது. இந்த மேகத்து நெழலு மட்டும் ஏன் என் பக்கம் விழுது?”

சுகிர்தா பார்த்தாள். பிறகுதான் உண்மையாகவே பார்த்தாள். முப்பத்தொரு வருடப் பழக்கத்தில், மேகம் என்று தெரிந்த இடத்தைக் கண் தானாகத் தாண்டிப் போய்விடும். அங்கே வாசிக்க ஒன்றுமில்லை என்றுதான் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

“முப்பது வருசம் உப்பளத்துல கெடந்தேன்,” என்றாள் பிரகாசியம்மாள். “அங்க மரமா மட்டையா? பம்புசெட்டுச் சொவரு ஒண்ணுதான். ஆனி மாசம் உச்சியில தண்ணிக் கொடத்தச் சொவத்துக்குத் தெக்க வைக்கணும். மார்கழியில வடக்க வைக்கணும். மாத்தி வச்சா வெந்நிதான் குடிக்கணும். இந்தப் படம் எடுத்தது ஆனி மாசம். நெழலு எப்படி வடக்க விழும்?”

பக்கத்து மேசையிலிருந்து பிரிவு அதிகாரி குலோத்துங்கன் எழுந்து வந்தான். முப்பத்தைந்து வயது, அவசரம் தவிர வேறெதுவும் தெரியாதவன். “என்ன மேடம், ஒரே மனுல நிக்கறீங்க? மேகம்தானே? எழுதி அனுப்புங்க. வெளியில நாப்பது பேர் நிக்கறாங்க.”

“நிழல் தப்பா இருக்கு சார்.”

“மேகத்துல என்ன மேடம் சரி, தப்பு? காத்தடிச்சிருக்கும்.”

“காத்தடிச்சா மேகம் போவும். சூரியன் தெக்க போவுமா தம்பி?” என்றாள் பிரகாசியம்மாள்.

சுகிர்தா உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து மேகத்தின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சுருண்டு படுத்த நாயைப் போல ஒரு மேகம். ஒரு காது இருந்தது. இன்னொரு காது இருக்க வேண்டிய இடத்தில் பிசிறாக ஒரு வெட்டு.

அந்தக் காதை அவளுக்குத் தெரியும். பிளேடு வழுக்கியதும், ஆள்காட்டி விரலில் ரத்தம் வந்ததும் தெரியும்.

“மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்றீங்களாம்மா?” என்றாள். “நான் இன்னும் கையெழுத்துப் போடல.”

*

வேலையில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பன்னிரண்டு பேர் கொண்ட பயிற்சி வகுப்பு. கற்பித்தவர்கள் குளிர்நாட்டுக் கையேடு ஒன்றை வேதம் போல வைத்திருந்தார்கள். முதல் மாதம் எண்ணுவது, இரண்டாம் மாதம் அளப்பது. மூன்றாம் மாதம் மறைப்பது. ‘நம் படம் எதிரி கையில் சிக்கினால் நம் ரகசியம் தெரியக் கூடாது அல்லவா, அதற்கான பயிற்சி’ என்றார்கள். பழைய, உபயோகமற்ற படங்கள் என்று சொல்லி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்தார்கள். இடம், தேதி எல்லாம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் வடதிசை அம்புக்குறி மட்டும் இருக்கும். வேறு தாளிலிருந்து மேகத்தை வெட்டி ஒட்ட வேண்டும். நீர்த்த மையால் நிழல் தீட்ட வேண்டும். நிழல் எந்தப் பக்கம்? கையேடு சொன்னது: வடக்கே. அந்தக் கையேடு எழுதப்பட்ட நாட்டில் சூரியன் என்றுமே தலைக்கு மேல் வந்து வடக்கே சாய்ந்ததில்லை.

வகுப்பில் பன்னிரண்டு பேரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான். பன்னிரண்டு பேரும் ஆனி மாத வெயிலில் நடந்தவர்கள்தான். ஒருவர்கூட ஜன்னலைத் தேடிப் போய் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. கையேட்டைப் பார்த்தார்கள்.

ஒட்டி முடித்ததும், மறைக்காத பிரதி ஒன்றைப் பயிற்சி நோட்டில் ஒட்டி, மறைத்தவை என்னென்ன என்று பக்கத்தில் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் மதிப்பெண். வகுப்பு முடிந்ததும் நோட்டுகளை எரித்துவிடுவார்கள். சுகிர்தாவுக்கு எரிக்கக் கொடுக்க மனம் வரவில்லை. அவளும், வகுப்பில் முதலாவதாக வந்த தோழியும் தங்கள் நோட்டுகளைச் சுடிதாருக்குள் செருகிக்கொண்டு, வாசலில் காவல்காரனிடம் கல்லூரிப் பெண்கள் போலச் சிரித்துப் பேசி, வெளியே கடத்திவிட்டார்கள். பேருந்து நிறுத்தம் வரை ஓடி, மூச்சிரைக்கச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது, மதிய இடைவேளையில் ஆட்டோவில் வீட்டுக்குப் போய், பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து அந்த நோட்டை எடுத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயிற்சி எண் எட்டு. சதுரமான கடல் துண்டு. பக்கத்தில் அவளுடைய உருண்டையான, அழகான, அசிங்கமான கையெழுத்து: ‘மறைத்தவை: வள்ளம் ஒன்று, விசைப்படகு ஒன்று.’

*

காப்பகத்தின் உணவுக்கூடத்தில், கடைசி மேசையில், அவர்கள் இருவரும் கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுகிர்தா நோட்டைத் திறந்து, உருப்பெருக்கியை அதன் மேல் வைத்து, பிரகாசியம்மாள் பக்கம் நகர்த்தினாள்.

“அந்த மேகம் மேகம் இல்ல. ஒட்டினது. அதுக்குக் கீழ இருந்தது இது.”

பிரகாசியம்மாள் குனிந்தாள். நிமிரவே இல்லை. தொம்மைதான் கேட்டார். “என்ன தெரியுது? ஏ, சொல்லேன்.”

“முன்னால போறது விசைப்படகு ஐயா,” என்றாள் சுகிர்தா. “பின்னால நுரை ரெண்டாப் பிரிஞ்சு விரியுது பாருங்க. அந்த நுரைக்கு நடுவுல, நேர் பின்னால, சின்னதா ஒரு கோடு. அது வள்ளம். பாய் இறக்கியிருக்கு. கவிழல. கட்டி இழுத்துட்டுப் போறாங்க. ஆட்கள் தெரிய மாட்டாங்க, அவ்வளவு நுணுக்கம் இந்தப் படத்துல கிடையாது. போற திசை வடகிழக்கு.”

“கள்ளித் தீவு,” என்றார் தொம்மை. “கவர்மெண்டு அடச்சுப்போட்ட தீவு. பக்கத்துல போனாலே சுடுவான்.”

“புயல்ல செத்துட்டாவன்னு தாலியக் கழட்டுனாவ எனக்கு,” என்றாள் பிரகாசியம்மாள், உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். “கோயில்ல ஒடம்பு இல்லாமப் பூச வச்சோம். இங்க என்னன்னா போய்க்கிட்டு இருக்காவ. உச்சிப் பொழுதுல, காத்து மழ இல்லாம, போய்க்கிட்டு இருக்காவ.” நிமிர்ந்தாள். “இது ஒங்களுக்கு எங்க கெடச்சுது மேடம்?”

சுகிர்தா இதற்கு ஆட்டோவில் பல பதில்கள் தயாரித்திருந்தாள். அவற்றில் இல்லாததைச் சொன்னாள்.

“நான்தாம்மா ஒட்டினேன். அந்த மேகத்த.”

தொம்மை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். பிரகாசியம்மாள் அசையவில்லை.

“எனக்குத் தெரியாதும்மா. பழைய படம், பயிற்சின்னாங்க. நான் ஒட்டின துண்டையே திரும்பப் பெரிய படத்துல சேர்த்திருக்காங்க. இடம் தெரியாது, தேதி தெரியாது…”

“வள்ளம்னு தெரியும்ல? எழுதியிருக்கியே. முத்து முத்தா எழுதியிருக்க.” நீங்க என்பது போய்விட்டிருந்தது. “வள்ளத்துல ஆளு இருக்கும்னு தெரியும்ல? அது தானா போவுமா?”

முப்பத்தொரு வருடங்களாக இந்தக் கேள்வியை அவள் தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை என்பதுதான் பதில்.

பிரகாசியம்மாளின் விரல் தாளின் மேல் மூலைக்குப் போயிற்று. அங்கே சிவப்பு மையில் ஒரு வட்டம். “இது என்ன?”

“மதிப்பெண்.”

“எம்புட்டு?”

“பத்துக்கு ஒன்பது.”

“ஒண்ணு எதுக்குக் கொறச்சாவ?”

“ஓரம்… ஓரம் பிசிறா இருக்குன்னு.”

பிரகாசியம்மாள் சத்தமே இல்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதைவிடக் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருக்கலாம் என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது. “ஆறு பேர மறைச்சதுக்கு ஒம்பது மார்க்கு. ஓரம் பிசிறடிச்சதுக்கு ஒரு மார்க்கு கொறவு. நல்ல வாத்தியாரு. நல்ல பிள்ள.” நோட்டை மூடினாள். தன் துணிப்பையில் வைத்து முடிச்சுப் போட்டாள். “இது இனி என்கிட்ட இருக்கட்டும்.”

“இருக்கட்டும்மா.”

“ஒன்ன மன்னிச்சிருவேன்னு நெனைக்காத.”

“நினைக்கல.”

சுகிர்தா அழவில்லை. அழுதால் இந்தப் பெண் துடைத்துவிட வேண்டியிருக்கும். அந்த வேலையையும் இவளுக்கே கொடுக்கக் கூடாது. தன்னை ஏமாற்றியவர்கள் மீது கோபப்படலாம். ஆனால் யாரும் அவளை அவ்வளவு சிரமப்பட்டு ஏமாற்றவில்லை. ஒரு சிவப்பு வட்டம் போதுமானதாக இருந்திருக்கிறது. அதைப் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்தாள்.

ஆறாம் எண் மேசைக்குத் திரும்பி, மனுவின் கீழே எழுதினாள்: ‘மேகம் அல்ல. ஒட்டப்பட்டது. நிழல் வடக்கே விழுகிறது. ஆனி மாதத்தில் அது நடக்காது. ஒட்டியவள் நான். கீழே இருப்பது இழுத்துச் செல்லப்படும் வள்ளம்.’ கையெழுத்துப் போட்டாள்.

குலோத்துங்கன் அதை இரண்டு தடவை படித்தான். “மேடம், இதை நான் வாங்க முடியாது. வேற ஃபார்ம் தர்றேன். ஒரே வார்த்தை. ப்ளீஸ். உங்களுக்கு இன்னும் அஞ்சு வருஷ சர்வீஸ் இருக்கு.”

“வாங்குங்க சார். இல்லன்னா வாசல்ல போய்ச் சத்தமாப் படிப்பேன்.”

வாங்கிக்கொண்டான். நான்கு மணிக்குள் நான்காவது மாடியிலிருந்து பணியிடை நீக்க உத்தரவு வந்தது. கீழே இயக்குநர் சாருலதாவின் கையெழுத்து, ஒரு பிசிறும் இல்லாமல்.

*

பிரகாசியம்மாளின் மனு தீர்ந்துபோயிற்று. ஆயுளில் ஒரு முறை. ஆனால் சங்குமுனையில் மனு கொடுக்காத ஆட்கள் நானூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து அவர்கள் நான்கு பேருந்துகளில் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே இடம், கள்ளித் தீவு. ஆளுக்கொரு நாள். ஜூன் இருபது தொம்மை. இருபத்தொன்று தொம்மையின் மகள். இருபத்திரண்டு பங்குக் கோயில் உபதேசியார். ஊரில் சிலர் தங்கள் ஒரே மனுவைச் செத்துப்போன தாயைப் பார்க்க வைத்திருந்தார்கள். சிலர் சுனாமிக்கு முந்தைய வீட்டைப் பார்க்க வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பிரகாசியம்மாள் வாசித்த தேதியை வாங்கிக்கொண்டார்கள்.

வாசலில், ‘வானம் எல்லோருக்கும் சொந்தம்’ பலகைக்குக் கீழே, சுகிர்தா நின்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் கூப்பிடவில்லை. அவளே வந்தாள். “படத்தைத் திருப்பி வைக்கச் சொல்லுங்க. நிழல் உங்க பக்கம் விழணும். மேகம்னு சொன்னா உடனே எழுந்துடாதீங்க. நிழல் எந்தப் பக்கம்னு பாருங்க. பிரதி கேளுங்க, குடுக்கணும், சட்டம் இருக்கு.”

“அவிய சொல்லறதக் கேட்டுக்கிடுங்க,” என்றாள் பிரகாசியம்மாள் கூட்டத்திடம், சுகிர்தாவின் முகத்தைப் பார்க்காமல். “தொழில் தெரிஞ்சவ.”

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் தொம்மை வெளியே வந்தார். கையில் சுருட்டிய பிரதி. நூறு பேர் அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

“மேகம்னுட்டான்,” என்றார்.

“நெழலு?” என்று கேட்டாள் பிரகாசியம்மாள்.

“வடக்க.”

கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. வார்த்தை இல்லாத சத்தம். தொம்மை பிரதியைச் சிமெண்டுத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு செருப்புகளை வைத்தார். தீவு இருந்தது. மணல்திட்டு இருந்தது. தீவின் நடுவே, சரியாக நடுவே, ஒரு வெள்ளை மேகம்.

சுகிர்தா முழங்கால் போட்டு உட்கார்ந்து உருப்பெருக்கியை வைத்தாள். விளிம்பைச் சுற்றி வந்தாள். பிசிறே இல்லை. பிளேடைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பு மெலிந்துபோகும்படி வெட்டிய வெட்டு. வகுப்பில் மற்ற பதினொரு பேருக்கும் வராத வெட்டு. ஆசிரியர் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டியது அவளுக்கு நினைவிருந்தது. பேருந்து நிறுத்தம் வரை கூட ஓடிவந்து, மூச்சிரைக்கச் சிரித்த முகமும் நினைவிருந்தது.

“இதுவும் நீ ஒட்டுனதா?” என்றாள் பிரகாசியம்மாள்.

“இல்ல. இவ்வளவு சுத்தமா எனக்கு வராது. இது பத்துக்குப் பத்து.”

“யாருன்னு தெரியுமா?”

“தெரியும். அவளும் நோட்டை எரிக்கக் குடுக்கல. என்கூடத்தான் வெளிய எடுத்துட்டு வந்தா. வச்சிருப்பா. அந்த மார்க்கை அவளால தூக்கிப்போட முடியாது.”

பிரகாசியம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். “வீடு எங்க இருக்கு, சொல்லு. தூரமா?”

சுகிர்தா எழுந்தாள். உச்சி வெயில். எல்லோருடைய நிழலும் காலடியிலேயே, கொஞ்சம் தெற்கே தள்ளிக் கிடந்தது. வாசலுக்கு மேலே சிரித்துக்கொண்டிருந்த படத்தை அவள் அண்ணாந்து பார்த்தாள். நானூறு பேரும் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார்கள்.

“வீட்டுக்குப் போக வேண்டாம்மா,” என்றாள். “நாலாவது மாடி.”